கேட்டுவிட்டுத்தான் அழுத்தினேன்

2007 ஜனவரி 9, செவ்வாய்

கீபோர்டில் ஒரு எழுத்தை அழுத்தினால் திரும்ப எழவே மாட்டேன் என்கிறது. உப்புக் காற்று. புதுப்பட்டினத்தில் சைக்கிள் செயினே நீடித்து நிற்பதில்லை, இந்தப் பிளாஸ்டிக் பெட்டி என்ன செய்யும் பாவம்.

மாலையில் நரசிம்மன் சார் வந்து பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துச் சரி செய்தார். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கம்ப்யூட்டரோடு வாழ்ந்த மனிதர். ஓய்வு பெற்றபின் எங்கள் தெருவில் பாதி மெஷின்களுக்கு அவர்தான் டாக்டர்.

"டீச்சர், இதுக்கு ஒரு பாவாடை தைச்சுப் போடுங்கோ. கடல் காத்து உள்ள போகாது."

"எனக்கே தைக்க நேரமில்லை சார்."

"அதுக்குத்தான் வயசு கம்மி. அதுக்கு முதல்ல தைங்கோ."

சுனாமி அலை வந்த அன்று காலை முழங்கால் தண்ணீரில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே தெருவுக்குள் வந்தவர் இவர். என்னைத் தன் வீட்டு மாடிக்குக் கூட்டிப்போய், தன் மனைவி ராஜத்தின் உலர்ந்த புடவை ஒன்றை எடுத்துத் தரச் சொன்னவர். தனியாக இருக்கும் எனக்கு அதற்குப் பிறகு பயம் என்று ஒன்று வரவில்லை.

போகும்போது கேட்டார்: "ஷ்யாம் உங்களுக்கு மெயில் போடறானா? எங்களுக்கு ரெண்டு வரிதான். நலம், நலமான்னு." எப்போதாவது போடுவான் என்றேன். அவருடைய ஒரே பிள்ளை. பெங்களூரில் வேலை. பெற்றவர்களுக்கு ஏக்கம் இருக்கத்தானே செய்யும்.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. தெருவெல்லாம் டயர் புகை. ஆராதனை முடிந்து பிரிசில்லா வழக்கம்போல வந்தாள், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

மார்க்கெட் பக்கத்து கிளினிக்கில் நர்ஸ். என்னிடம் படித்தவள். தந்தை ஆபிரகாம் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர், இப்போது கொத்தனார். பத்தாம் வகுப்பில் உயிரியல் டியூஷனுக்கு அவளும் வந்தாள், ஷ்யாமும் வந்தான். தவளையின் படத்தை ஷ்யாம் அவளிடம் கொடுத்து வரைந்து வாங்குவான். அப்போது சிரித்தேன். இப்போது அது கல்யாணப் பேச்சு அளவுக்கு வந்திருக்கிறது.

அவர்கள் கடிதப் போக்குவரத்து என் மெஷின் வழியாகத்தான். பிரவுசிங் சென்டர்க்காரருக்கு ஆபிரகாமைத் தெரியும், திரையையும் எட்டிப் பார்ப்பார். இங்கே நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை அமையும் போலிருக்கிறது. வேலை கிடைத்ததும் இரண்டு வீட்டிலும் இருவரும் சேர்ந்து போய்ச் சொல்வார்களாம்.

"சொந்தக் கால்ல நின்னுட்டு சொல்லணும் டீச்சர். இல்லன்னா ஏதோ கேக்க வந்த மாதிரி ஆயிடும். அதுவரைக்கும்—"

"அதுவரைக்கும் எனக்குக் காதும் கேட்காது, கண்ணும் தெரியாது" என்றேன்.

சாரிடம் மறைப்பது உறுத்துகிறது. ஆனால் இது என் செய்தி இல்லையே. இருவரும் வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் வாயால் சொல்வதுதான் அவருக்கும் மரியாதை.

ஜனவரி 17, புதன்

காணும் பொங்கல். காலையிலிருந்து மாமல்லபுரம் போகும் கூட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைத்துக்கொண்டிருக்கிறது. நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

மெயிலில் ஒரு பொங்கல் வாழ்த்து வந்திருந்தது. 'உங்கள் நலம்விரும்பி' என்று மட்டும் பெயர். படம் அசைய வேண்டும்போல, அசையவில்லை. மூலையில் ஒரு மஞ்சள் பெட்டி எழுந்தது. படத்தை ஓட்டும் மென்பொருள் பழையதாகிவிட்டதாம், புதுப்பிக்க வேண்டுமாம், 'சரி' என்று அழுத்த வேண்டுமாம்.

நான் எதையும் சட்டென்று அழுத்துகிறவள் இல்லை. சாருக்குப் போன் போட்டேன்.

"மஞ்சளா? மூலையிலயா? ஆமாம் டீச்சர், அது வர வேண்டியதுதான். தைரியமா அழுத்துங்கோ. தடுப்பூசி மாதிரி நெனச்சுக்கோங்கோ. வந்தா வேண்டாம்னு சொல்லப்படாது."

அழுத்தினேன். ஒரு நீலக் கோடு ஓடி முடிந்தது. மாடு தலையை ஆட்டியது, மணி அடித்தது. அழகாகத்தான் இருந்தது.

ஜனவரி 20, சனி

ஓய்வூதியர் சங்க அறையில் பெண்களுக்கான வகுப்பு. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு மெயில் பார்க்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள். ராஜமும் வருகிறாள். மௌஸைக் கரப்பான் பூச்சியைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறாள் என்று சகுந்தலா கேலி செய்கிறாள்.

இன்று அப்டேட் பாடம். சாரின் உவமையைக் கொஞ்சம் வளர்த்தேன். "போலியோ சொட்டு மருந்து கொடுக்க வாசலுக்கு வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோமா? வாயைத் திறக்கச் சொல்வோம். கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். பெட்டி வந்தால் 'சரி' சொல்லுங்கள்." எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். உவமை நன்றாக அமைந்துவிட்டால் அன்று முழுக்க எனக்கு ஒரு சந்தோஷம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மருத்துவமனைக்குப் பிரிசில்லாவைப் பற்றி ஒரு பரிந்துரை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். மதியம் உட்கார்ந்து அடித்தேன். அவள் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதினால் வார்த்தை தானாக வருகிறது.

நடுவில் ஒரு தடுமாற்றம். 'தாயின் உடல்நலக் குறைவால் இடையில் ஓர் ஆண்டு படிப்பை நிறுத்த நேர்ந்தபோதும் மனம் தளராமல்' என்று ஒரு வரி அடித்தேன். அடித்தபின்தான் உறைத்தது: ஓராண்டு நிறுத்தியது இவள் இல்லை, இவளுடைய பெரியப்பா மகள் சாராள். எத்தனை பிள்ளைகள், எத்தனை முகங்கள். வரியை முழுக்க அழித்துவிட்டு, வேறு எழுதி அனுப்பினேன். நல்ல வேளை.

பிப்ரவரி 23, வெள்ளி

பிரிசில்லாவுக்கு வேலை உறுதியாம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள், நர்ஸ் உடையிலேயே. நானும் கொஞ்சம் குதித்தேன். முழங்கால் வலிக்கிறது.

மார்ச் 6, செவ்வாய்

செவ்வாயில் அவள் வருவதில்லை. இன்று வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே நின்றாள்.

வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். இவள் ஊரிலிருந்தே பொறுப்பான ஒருவர் அந்த மருத்துவமனையில் தனக்குத் தெரிந்தவரிடம் பேசியிருக்கிறார். "நடுவுல ஒரு வருஷம் படிப்ப விட்டுட்டு அத மறைச்சி அப்ளிகேஷன் போட்டிருக்கேன்னு சொல்றாங்க டீச்சர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு விட்டேனாம். எங்கம்மா நல்லாத்தானே இருக்காங்க? நான் ஒரு நாள்கூட விட்டதில்லையே. யார் டீச்சர் இப்டி சொல்லுவாங்க?"



அந்தத் தவறு உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. அது என் தவறு. என் விரலிலிருந்து புறப்பட்டது. யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாதது.

மறைக்க முடியவில்லை. அடித்தேன், தவறு என்று தெரிந்து அழித்தேன், அந்த வரி கடிதத்தில் போகவே இல்லை என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அழிச்சது எப்படி டீச்சர் பெங்களூர் போச்சு?"

உள்ளே வா, டீ போடுகிறேன் என்றேன்.

"நீங்க யார்கிட்டயோ பேச்சுவாக்குல சொல்லிட்டீங்க. பரவாயில்ல டீச்சர்." பரவாயில்லை என்று சொன்ன குரல் — அதைவிட அவள் கத்தியிருக்கலாம். டீ போட்டு எடுத்து வருவதற்குள் போய்விட்டாள்.

மார்ச் 7, புதன்

ஒரே நினைப்பு. சாப்பிட உட்கார்ந்தால் அது, துணி உலர்த்தினால் அது.

விடைத்தாள் திருத்தும்போது இரண்டு பேர் தாளிலும் 'இதயத்தில் நான்கு அறைகள்' என்று இருந்தால் ஒன்றும் நிரூபிக்க முடியாது. இரண்டு பேரும் படித்திருக்கலாம். ஆனால் இரண்டு தாளிலும் 'ஐந்து அறைகள்' என்று இருந்தால்? ஒரு தாளைப் பார்த்துத்தான் இன்னொரு தாள். சரியான விடைக்கு ஆயிரம் வழி உண்டு. ஒரே மாதிரித் தவறுக்கு ஒரே வழிதான்.

என் தாளை யாரோ பார்த்திருக்கிறார்கள். நான் எழுதி, அழித்துவிட்ட வரியைக்கூட.

வீட்டில் நான் மட்டும்தானே இருந்தேன்? ஜன்னல்கூடச் சாத்தியிருந்தது. யார்? எப்படி?

மார்ச் 9, வெள்ளி

ஆபிரகாம் வந்தார். சிமெண்ட் காய்ந்த கைகளை வாசல் குழாயில் கழுவிவிட்டு, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"நரசிம்மன் சாரு நேத்து நாங்க வேல செய்ற எடத்துக்கு வந்தாரு டீச்சரம்மா. எம்பொண்ணுக்கும் அவரு புள்ளைக்கும் பழக்கமாம். எனக்கு இன்னா தெரியும்? மரியாதையாத்தான் பேசினாரு. சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு சத்தம் போட்டிருப்பேன். மரியாதையா பேசினாரு பாரு, அதான் பேஜாரா கீது."

"என்ன சொன்னார்?"

"பொண்ண அடக்கி வைன்னாரு. டீச்சரம்மா வூட்ல ஒக்காந்துகினுதான் எல்லாம் எழுதுதுங்கோன்னாரு. நம்பலன்னா எழுத்துலயே கீதுன்னாரு. அல்லாத்தயும் படிச்சிட்டேன்னாரு." ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நீ குடுத்தியா டீச்சரம்மா? குடுத்திருந்தா சொல்லிடு. நான் கோச்சிக்க மாட்டேன். எம்பொண்ணுதான் ரெண்டு நாளா சோறு துன்னாம கீது. உன்ன திட்டக்கூட மாட்டேங்குது."

நான் கொடுக்கவில்லை என்றேன். தலையாட்டினார். நம்பினாரா, பெரியவர்களிடம் காட்டும் மரியாதையா, தெரியவில்லை.

எல்லாவற்றையும் படித்தாராம். யார் காட்டினார்கள்?

இல்லை. அவர் அப்படிச் செய்ய மாட்டார். வேறு ஏதாவது வழியில் தெரிந்திருக்கும்.

மார்ச் 11, ஞாயிறு

சிறுசேரியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் பழைய மாணவி ஸ்வாதியை வரச் சொல்லியிருந்தேன். வந்ததும் முதல் வேலையாக இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிப் போட்டாள்.

"டீச்சர், வாசக் கதவ முதல்ல சாத்தினாத்தான் உள்ள ஒளிஞ்சிருக்கற விருந்தாளிய தேட முடியும்."

சிரித்தேன். இனி சிரிக்க மாட்டேன் என்று தெரியாமல்.

வெகு நேரம் தேடினாள். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "ஜனவரி பதினேழு. அன்னிக்கு ஏதாவது அப்டேட் கேட்டுச்சா?"

மஞ்சள் பெட்டியைச் சொன்னேன். அது அப்டேட்டே இல்லையாம். படத்தை ஓட்டும் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பெயரையும் நிறத்தையும் போட்டுக்கொண்டு வந்த வேறொன்று. 'சரி' என்றதும் உள்ளே உட்கார்ந்துகொண்டு, நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் குறித்துவைத்து, வெளியே ஒரு முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. பாஸ்வேர்டு, பிரிசில்லாவின் கடிதங்கள், என் கடிதங்கள். அழித்தால்? அழிப்பதற்கு முன்பே குறித்துக்கொண்டுவிடுமாம்.

"எதுக்கு டீச்சர் அழுத்தினீங்க? எங்களை எல்லாம் கேள்விய ரெண்டு தடவ படின்னு சொல்லுவீங்களே."

"கேட்டுவிட்டுத்தான் அழுத்தினேன்."

"யாரைக் கேட்டீங்க?"

அவள் திரையில் இருந்த முகவரியை நிதானமாக வாசித்தாள். எங்களுக்கெல்லாம் சபாவின் கச்சேரி அறிவிப்புகள் வருகிற முகவரி. சபாவின் செயலாளர் நரசிம்மன் சார்.

ஸ்வாதி குழந்தை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காபி நான் போடறேன் டீச்சர்" என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 12, திங்கள்

வேறு முகவரி ஒன்று உண்டாக்கிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் எட்டிப் பார்க்கவே மாட்டேன் என்று அவ்வளவு நிச்சயம்.

மார்ச் 13, செவ்வாய்

போனேன். சார் வாசலிலேயே வரவேற்றார். "வாங்கோ டீச்சர், மெஷின் படுத்துறதா?"

"இல்லை சார். ஜனவரியில் போட்ட தடுப்பூசியைப் பற்றிக் கேட்க வந்தேன்."

ஈசிசேரில் உட்கார்ந்தார். மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆமாம் டீச்சர். நான்தான். எம் புள்ள மெயில நான் படிச்சேன்."

"என் வீட்டில் இருந்துகொண்டு படித்தீர்கள்."

"நீங்க எங்கிட்ட மறைச்சேள். நான் உங்ககிட்ட மறைச்சேன். ரெண்டும் சரியாப் போச்சு."

இல்லை சார், சரியாகவில்லை — இப்படி ஆரம்பித்து நிறையச் சொல்ல நினைத்துப் போயிருந்தேன். நான் மறைத்தது அவர்கள் நம்பிக் கொடுத்தது. நீங்கள் எடுத்தது நான் நம்பிக் கொடுத்தது. இதெல்லாம் இப்போது எழுதும்போது வருகிறது. அங்கே வந்தது ஒன்றுதான்: "அந்தப் பெண் ஒரு வருஷம்கூட விடவில்லை சார். பொய்யைச் சொல்லி வேலையைக் கெடுத்துவிட்டீர்கள். போன் செய்து அது தவறு என்று சொல்லுங்கள்."

"நான் எங்க பொய் சொன்னேன்? நீங்க அடிச்சதைத்தானே சொன்னேன்?"

"அழித்தேன் சார். தவறு என்று அழித்தேன்."

"நல்ல பேர் வாங்கித் தரணும்னு அழிச்சேள்னு நெனச்சேன்."

பிறகு, என்னைப் பார்க்காமல், சுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பெத்தவாளுக்குத்தான் தெரியும் டீச்சர். உங்களுக்குச் சொன்னாப் புரியாது."

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளோடு இருந்தேன். ஒரு பிள்ளையையும் பெறவில்லை. சரிதான்.

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. ராஜம் ஈரக் கையோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் வழியில் டவுன்ஷிப் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே உரசிப் போனது. தெரிந்த டிரைவர். "இன்னா டீச்சர், கனவா?" என்றார். ஆமாம் என்றேன்.

என்ன மனுஷன் இவர். தண்ணிக்குள்ள எறங்கி வந்தாரே. அதுவும் பொய்யா? இல்ல. அது நெசம். அதுவும் நெசம், இதுவும் நெசம். அதான் தாங்க முடியல.

மார்ச் 17, சனி

வகுப்பு. போகவே மனமில்லை. ஆனால் இத்தனை பேருக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் படுத்திருக்க முடியுமா?

"போலியோ சொட்டு உவமையை அடித்துவிடுங்கள்" என்றேன். "சொட்டு மருந்து கொடுக்க வருகிற பெண்ணை நமக்குத் தெரியும், பக்கத்துத் தெரு. திரையில் வருகிற பெட்டிக்கு முகம் கிடையாது. கம்பெனி பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். காக்கிச் சட்டை போட்டவன் எல்லாம் மீட்டர் பார்க்க வந்தவனா?"

"அப்ப அப்டேட்டே பண்ண வேணாமா டீச்சர்?" என்றாள் சகுந்தலா.

"பண்ண வேண்டும். பெட்டி கூப்பிட்டு நாம் போகக் கூடாது. அதை மூடிவிட வேண்டும். பிறகு நாமே அந்தக் கம்பெனியின் பக்கத்துக்குப் போய், புதிது வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்மையான அப்டேட் என்றால் அங்கேயும் இருக்கும். மெயிலில் வரும் வாழ்த்து, வீடியோ இவற்றைத் திறக்கும்போது அப்டேட் கேட்டால் அந்த வாழ்த்தே வேண்டாம். நாம் கெட்டுப்போய்விட மாட்டோம்." ஸ்வாதி சொன்னதெல்லாம்தான்.

"சந்தேகமா இருந்தா நரசிம்மன் சாரைக் கேக்கலாம்ல?" யாரோ.

நான் பதில் சொல்வதற்குள் ராஜம் பேசினாள். மூன்றாவது வரிசையிலிருந்து, நோட்டைப் பார்த்தபடியே. "தெரிஞ்சவாளே அனுப்பிச்சிருந்தா?"



"அதனால்தான் ராஜம், தெரிந்தவர் சொன்னாலும் நாமே போய்ப் பார்க்க வேண்டும் என்பது" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

மார்ச் 18, ஞாயிறு

பிரிசில்லாவின் வீட்டுக்குப் போய், ஸ்வாதி கண்டுபிடித்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "அப்ப நீங்க சொல்லல" என்றாள். "இல்லை." "ஆனா உங்க வூட்லேர்ந்துதான் போச்சு." "ஆமாம்."

இரண்டும் உண்மை. அவள் முகம் இரண்டையும் மாறி மாறி எடை போட்டது. ஷ்யாம் அப்பாவோடு போனில் பெரிய சண்டை போட்டானாம்.

ஏப்ரல் 3, செவ்வாய்

நேற்று பெங்களூர். மெயிலும் வேண்டாம் போனும் வேண்டாம் என்று நேரிலேயே போனேன். ஆபிரகாம் துணைக்கு வந்தார், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். பஸ்ஸில் வழி முழுக்க, கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளைக் காட்டி, "இந்த செவுரு நிக்காது டீச்சரம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

நர்சிங் கண்காணிப்பாளர் கண்டிப்பான அம்மாள். "உங்களுக்குச் சொல்லப்பட்ட தவறு நான் செய்தது. தட்டச்சு செய்து, அழித்தேன். அது என் அனுமதி இல்லாமல் எடுக்கப்பட்டது. இவள் மேல் பழி இல்லை" என்றேன். அசல் மதிப்பெண் பட்டியல்களை ஒவ்வொன்றாக வைத்தேன். யார் எடுத்தார்கள் என்று கேட்டார். பக்கத்தில் வசிப்பவர் என்றேன். பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை. ஏன் வரவில்லை? அவருக்காகவா, எனக்காகவா?

அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். மே மாதம் ஆள் எடுக்கும்போது விண்ணப்பிக்கலாம், இது கணக்கில் வராது என்றார். எழுதியும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் ஆபிரகாம் சொன்னார்: "நீ சொல்ல சொல்ல அந்தம்மா ஒன்னிய ஒரு மாதிரி பாத்துச்சி. ஒனக்கு அசிங்கமா இல்லியா?"

"இருந்தது."

"ம்" என்றார். பிறகு எனக்கு இளநீர் வாங்கித் தந்தார்.

ஏப்ரல் 8, ஞாயிறு

ஈஸ்டர். பிரிசில்லா வரவில்லை. மெஷின் பாவாடையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மே 20, ஞாயிறு

மார்க்கெட்டில் சார் எதிரே வந்தார், காய்கறிப் பையோடு. இருவரும் நின்றோம். "சௌக்கியமா டீச்சர்" என்றார். "சௌக்கியம் சார்" என்றேன். கீபோர்டில் எழுத்து மறுபடி ஒட்டிக்கொள்கிறது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பழக்கம் எவ்வளவு வெட்கமில்லாதது.

ஜூன் 2, சனி

பிரிசில்லாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. திங்களன்று சேர வேண்டும். சொல்லிக்கொள்ள வந்தாள், கேட் வரைக்கும். காலைத் தொட்டாள். கண்ணில் நீர் இருந்தது, அன்பும் இருந்தது, எனக்குத் தெரியும்.

"போனதும் மெயில் போடு."

"போன் பண்றேன் டீச்சர்."

செப்டம்பர் 12, புதன்

"முந்தாநேத்து ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் முடிஞ்சிது டீச்சரம்மா" என்றார் ஆபிரகாம், ஒரு ஸ்வீட் டப்பாவோடு. "ஒன்னாண்ட சொல்ல சொல்லிச்சான்னு கேக்காத. சொல்லல. நானா வந்தேன்."

ஒரு மைசூர்பாகு முழுதாகச் சாப்பிட்டேன். நல்ல பிள்ளைகள். நன்றாக இருக்கட்டும்.

பிரிசில்லா போன் செய்கிறாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். மழை, சமையல், டூட்டி. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லக்கூடியவற்றைச் சொல்கிறாள்.

2008 பிப்ரவரி 19, செவ்வாய்

மதியம் கதவு தட்டும் சத்தம். ராஜம். குடை இல்லாமல் வெயிலில் நடந்து வந்திருந்தாள். அவள் தனியாக என் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை, எப்போதும் சாரோடுதான் வருவாள்.

தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகு ஷ்யாம் வீட்டுக்கு எழுதுவதையே நிறுத்திவிட்டானாம். போனை எடுத்தால் "நன்னா இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறானாம். "அவர் பக்கத்துல நிக்கறார்னு அவனுக்குத் தெரியறது டீச்சர். பிரிசில்லாவுக்கு உடம்பு ஒரு மாதிரி இருக்குன்னு ஆபிரகாம் பொண்டாட்டி மார்க்கெட்ல சொன்னா. நாள் தள்ளிப் போயிருக்காம்."

எனக்கு அது தெரியாது.

"எழுதணும். எங்காத்துலயும் மெஷின் இருக்கு. ஆனா—" நிறுத்திக்கொண்டாள். முந்தானையை விரலில் சுற்றினாள். "உங்காத்துல அடிச்சா வேற யாருக்கும் தெரியாதே?"

ஒரு வருஷத்துக்கு முன் பிரிசில்லாவின் இதே கவலைக்கு எவ்வளவு சுலபமாகப் பதில் சொன்னேன். இன்று மெஷினைத் திறந்து, ஸ்வாதி காட்டிக்கொடுத்த ஒவ்வோர் இடத்தையும் அவள் கண் முன்னாலேயே பார்த்தேன். எதைப் பார்க்கிறேன் என்று அவளுக்கும் சொல்லிக்கொண்டே பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"தெரியாது ராஜம்" என்றேன்.

"நீங்களும் அந்தப் பக்கம் போயிடுங்கோ. தப்பா நெனச்சுக்காதேள்."

தப்பாக நினைக்கவில்லை. கிணற்றடிக்குப் போய், துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். ஜன்னல் வழியாக அவள் ஒரு விரலால் தட்டும் சத்தம் கேட்டது. தட்டுவாள், நிற்பாள், நிறைய அழிப்பாள், மறுபடி தட்டுவாள். வெயில் மதில் சுவரைத் தாண்டும் வரைக்கும் நான் உள்ளே போகவில்லை.